ஒரு மடுவுக்கு இரண்டு பெயர்

ஆனி 19, வியாழன்

காலையில் சர்க்கரை இருநூற்றுப் பத்து. நர்ஸம்மா கொடுத்த நோட்டில் மருமகள் ரத்தினா இதை மட்டும் எழுதுவது வழக்கம். பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறதே, இதையும் எழுது, அதையும் எழுது என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். எனக்கு எழுத்து தெரியாது. சென்றாயன் என்று என் பெயரை எழுதிக் காட்டினாலும் அது நானா, செவ்வாய்க்கிழமையா என்று சொல்ல மாட்டேன். ரத்தினா பென்னாகரம் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது படித்தவள். நான் வாய்க்கு வந்தபடி சொல்வேன். அவள் அதைப் புத்தகத்தில் இருப்பதுபோல் திருத்தி எழுதிப் படித்தும் காட்டுவாள். கேட்க யாரோ பெரிய மனிதர் பேசுவது போலிருக்கும்.

இன்று சர்வே ஆபீசிலிருந்து தமயந்தி என்று ஓர் அம்மா வந்தார். ஆற்றில் உள்ள பாறை, திட்டு, மடு, துறை எல்லாவற்றின் பெயரையும் கேட்டு இரண்டு அரசாங்கமும் சேர்ந்து வரைபடம் போடுகிறார்களாம். ஆடிப்பெருக்குக்கு முன்னால் கரையில் பெயர்ப் பலகையும் நடுவார்களாம். இங்கே ஆறுதான் எல்லை. இந்தக் கரை எங்கள் ஓடக்கொட்டாய், தமிழ்நாடு. எதிர்க்கரை சீகைதொட்டி, கர்நாடகா. அங்கேயும் தமிழ் பேசுகிறவர்கள்தான். ஆனாலும் கன்னடம் கலந்து அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் வேறு.

"ஐயா, இந்த ஆத்துக்கு நீங்க என்ன பேரு சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"ஆறுன்னுவோம்."

"காவேரின்னு சொல்ல மாட்டீங்களா?"

"அது ரேடியோவுல சொல்ற பேருங்க. எங்கியாச்சும் சண்டை வந்தா காதுல வுழும். எங்களுக்கு ஆறுதான்."

அந்த அம்மா சிரித்தார். மகன் மாதேஷ் மோர் கொண்டுவந்து கொடுத்து, "பேருங்கள எங்கப்பாகிட்டக் கேளுங்க மேடம். ஒன்னு மறக்க மாட்டாரு. யார் வூட்டு ஆடு எந்த வருசம் குட்டி போட்டுச்சுன்னு கேட்டாக்கூடச் சொல்லுவாரு" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனி 22, ஞாயிறு

பெயர் சொல்ல ஆற்றில் இறங்கினோம். சர்வேக்காரர்கள் மாதேஷின் பரிசலைத்தான் கூலிக்குப் பேசியிருந்தார்கள். நான் அதில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தமயந்தி அம்மாவுக்குப் புரியவில்லை. மாதேஷ் தலையில் அடித்துக்கொண்டான்.

பரிசல்காரர்களிடம் ஒரு முறை உண்டு. கூலிப் பரிசலில் ஓட்டுகிறவனின் சொந்த வீட்டார் ஏறக்கூடாது. பெற்றவன், பிள்ளை, உடன்பிறந்தான், கட்டினவள் யாரும். பரிசல் கவிழ்ந்தால் துடுப்புக்காரனின் கை யாரைப் பிடிப்பது என்று யோசிக்கக்கூடாது. காசு கொடுத்தவனைத்தான் பிடிக்க வேண்டும். யாராவது முறை தப்பினால் ஊர்கூடித் துடுப்பைப் பிடுங்கிவிடுவார்கள். அவன் பிள்ளைகளுக்கும் துடுப்பு கிடையாது.

"இப்பதான் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்குதேப்பா" என்றான் மாதேஷ்.

"அத நீ போட்டுக்க. நான் ஏறல."

பக்கத்திலிருந்த பரிசல்காரன் ஒருவன், "இதனாலதான் மாதேசு ரத்தினாவக் கட்டறதுக்கு முன்னாடியே அத்தன தடவ ஏத்திக்கிட்டான். கட்டினப்புறம் ஏத்த முடியாதில்ல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ரத்தினா விடுதிக்குப் போய்வந்த நாளில் மாதேஷ்தான் அவளை அக்கரையிலிருந்து ஏற்றி வருவான். கதை அப்படித்தான் ஆரம்பித்தது. நான் அந்தச் சிரித்தவனின் பரிசலிலேயே ஏறிக்கொண்டேன். இரண்டு பரிசலும் ஒட்டினாற்போல் போயின.

ஆனையிறங்கு துறை சொன்னேன். கொக்குத்திட்டு சொன்னேன். அதை அக்கரையார் ஹக்கிதிட்டு என்பார்கள், அதையும் சொன்னேன். எருமைப்பாறைக்கு அவர்கள் பேச்சில் எம்மெபண்டெ. எல்லைக்கோடு எங்கே போகிறது என்று கேட்டார். ஆற்றுக்கு நடுவில் என்கிறார்கள், ஆனால் தண்ணீர் கூடினால் நடு ஒரு பக்கம், குறைந்தால் இன்னொரு பக்கம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு பெரிய வளைவு வந்தது. அங்கே தண்ணீர் ஓடாமல் கருத்து நிற்கும்.

"இந்த மடுவுக்கு?"

மாதேஷ் என்னைப் பார்த்தான். என் பரிசல்காரன் வேறு பக்கம் பார்த்தான்.

தாமரை மடு என்று சொன்னேன்.

"அழகான பேரா இருக்கே! இங்க தாமரை இருந்துச்சா?"

"ரொம்ப முன்னாடிங்க."

ரத்தினா இதையும் எழுதிவிட்டாள்.

ஆனி 23, திங்கள்

ஆட்டுக்குத் தழை ஒடித்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஆனி 26, வியாழன்

சர்க்கரை கூடியிருக்கிறது. ரத்தினா எத்தனை என்று எழுதினாள், எனக்குச் சொல்லவில்லை. முன்பெல்லாம் "சாப்பிட வாங்க மாமா" என்பாள். மூன்று நாளாக "சோறு இருக்குது" என்கிறாள்.

அந்த மடுவில் ஒரு நாளும் தாமரை இருந்ததில்லை. அந்த ஆழத்தில் தாமரை எப்படி வரும்? இந்தக் கரையில் அதற்குப் பெயர் விட்டுவந்தான் மடு. எதிர்க்கரையில் ஈரம்மா மடு.

ஈரம்மா சீகைதொட்டிக்காரி. சந்தைக்குப் புளி கொண்டுபோகப் பரிசலில் ஏறினாள். அந்த வளைவில் பரிசல் கவிழ்ந்தது. ஓட்டியவர் நீந்திக் கரையேறினார். ஈரம்மா வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. ஓட்டியவர் பெயர் இருசப்பன். என் அப்பா.

செத்தவள் பெயரை அக்கரை வைத்துக்கொண்டது. ஓடிவந்தவனை இக்கரை வைத்துக்கொண்டது. நான் வளர்ந்தது, கட்டியது, பெற்றது எல்லாம் விட்டுவந்தான் வீட்டில்தான். மாதேஷ் பள்ளிக்கூடத்தில் அடிபட்டு வந்ததும் இந்தப் பெயருக்காகத்தான். ஒரு பெயரைச் சொன்னால் அதை இரண்டு அரசாங்கமும் பலகையில் எழுதிவிடும் என்றபோது எனக்கு வாய் புரண்டுவிட்டது.

ஈரம்மா வீட்டில் ஒரு தவழும் பிள்ளையை விட்டுப் போனாள். அந்தப் பிள்ளைதான் புட்டசாமி. புட்டசாமியின் கடைசி மகள்தான் ரத்தினா. தன் அப்பனைப் பெற்றவள் பெயரை நான் எடுத்துப்போட்டதை அவள் கையாலேயே எழுத வைத்திருக்கிறேன். இதையும் அவள்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஏம்மா, உங்கப்பனுக்கு சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கு மாமா சொல்லணும்? ஆத்துமேல பேசுன பேச்சு. அதுவே அக்கரைக்குப் போயிரும்."

ஆனி 29, ஞாயிறு

போய்விட்டது. தமயந்தி அம்மா சீகைதொட்டிக்குப் பெயர்களைச் சரிபார்க்கப் போனாராம். தாமரை மடு என்று படித்ததும் அங்கே ஒரு கிழவர் எழுந்து, "அந்தப் பேரு யாரு சொன்னது?" என்று கேட்டாராம். சென்றாயன் என்றதும் உட்கார்ந்துவிட்டாராம். அது புட்டசாமி.

"ஐயா, ரெண்டு கரையும் வேற வேற சொல்லுது. வரைபடத்துல ஒரு கட்டம்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் நேர்ல உட்கார்ந்து சொன்னா, அதையே எழுதிடுவேன்" என்றார் அந்த அம்மா. அடுத்த ஞாயிறு துறையில் கூடுவது என்று முடிவாகியிருக்கிறது. புட்டசாமி இந்தக் கரைக்கு வருகிறாராம்.

அவர் ஒரு தடவைகூட இந்தக் கரையை மிதித்தவர் இல்லை. மகள் பிடிவாதத்துக்காகச் சம்மதித்தாலும், கல்யாணத்தை அக்கரைக் கோயிலில் வைத்துத்தான் கொடுத்தார். பேத்திக்குக் காது குத்தியபோதும் வரவில்லை. சந்தைக்குக்கூட மலையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில்தான் போவாராம். என்னோடு பேசியது கிடையாது.

மாதேஷுக்கு வேறு கவலை. "அப்பா, தாமரை மடுன்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நாலு டூரிஸ்ட் வருவான், போட்டோ எடுப்பான். எம் பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடத்துல இந்த விட்டுவந்தான் வேணாம்."

"ஈரம்மா மடுன்னு வெச்சா?"

"யாரு ஈரம்மான்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குப் பதிலு நம்ம தாத்தா."

ரத்தினா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

ஆனி 30, திங்கள்

ஞாயிற்றுக்கிழமை என்ன பேச வேண்டும் என்று இப்போதே சொல்லி எழுதி வைத்துக்கொண்டால், அன்றைக்கு வாய் குழறாது என்று நினைத்தேன். ரத்தினா நோட்டை எடுத்துவந்தாள்.

அன்றைக்கு நடந்தது இது. பங்குனி மாதம். மலைக்கு மேலே எங்கேயோ மழை பெய்து தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. அப்பா பரிசலை அக்கரைக்குக் கொண்டுபோனார். ஈரம்மா இரண்டு மூட்டைப் புளியோடு காத்திருந்தாள். எனக்கு எட்டு வயதிருக்கும். இந்தக் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன். பரிசல் வளைவுக்கு வந்தது. ஈரம்மா மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். அதில் ஒன்று மட்டும் சிவப்பு. மஞ்சளும் புளியும் கலந்த வாசனை.

ரத்தினாவின் பேனா நின்றது.

"நீங்க கரையில இருந்தீங்கதான மாமா?"

"ஆமா."

"கரையிலருந்து வாசனை தெரியுமா?"

இதோடு நிறுத்து என்றேன். அவள் நோட்டை மூடவில்லை. பிறகு எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

ஆனி 31, செவ்வாய்

சொல்ல ஒன்றும் இல்லை என்று எழுதச் சொன்னேன்.

ஆடி 2, வெள்ளி

பலகை அடிக்கிறவன் அளவெடுக்க வந்தான். தாமரைப் பூவும் படமாக வரையலாமா என்று மாதேஷிடம் கேட்டான். வரை என்றான் மாதேஷ்.

நான் எழுந்து வரைய வேண்டாம் என்றேன்.

மாதேஷ் என்னைத் தனியாகக் கூட்டிப் போனான். "என்னாப்பா செய்யப் போற?"

"தெரியலடா."

"தெரியலன்னா கம்முனு இரு. இத்தினி வருசம் இருந்தியே."

அவன் என்ன தெரிந்து அப்படிச் சொன்னானோ. ரத்தினா அவனிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லாமலே வீடு முழுக்கத் தெரிந்துவிட்ட மாதிரி எனக்குத்தான் தோன்றுகிறது. சாப்பிடும்போது தட்டு வைக்கும் சத்தமெல்லாம் கேட்கிறது. பேத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் உடம்பு கூசுகிறது.

அப்பா சாகும்வரை அந்தத் துறையில்தான் பரிசல் போட்டார். ஏறுகிறவர்கள், "விட்டுட்டு வந்துருவியா இருசப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். அவரும் சிரிப்பார். நான் கூடவே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆடி 4, ஞாயிறு

புட்டசாமி வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டியிருந்தார். பரிசலிலிருந்து இறங்க ரத்தினா கை கொடுத்தாள். தண்ணீரை விட்டு மணலுக்கு ஏறியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஊருக்குள் கூப்பிட்டும் வரவில்லை. எங்கள் ஆட்கள் பத்துப் பேர், அவர்கள் ஆட்கள் நாலு பேர். தமயந்தி அம்மா படத்தை மணலில் விரித்துக் கல் வைத்தார்.

"இருசப்பன் மவனே" என்றார் புட்டசாமி. சம்பந்தி என்று சொல்லவில்லை. "எங்கம்மாவுக்கு போட்டோ இல்ல. சமாதி இல்ல. மாசாமாசம் அமாவாசைக்கு அந்த மடுவப் பாத்துதான் கும்புடறேன். அதுக்குப் போயி பூவு பேரு வெக்கிறியே, உனக்கு அது என்னா தொந்தரவு பண்ணுச்சு?"

மாதேஷ் முந்திக்கொண்டான். "மாமா, அது ஒரு நல்ல பேரா இருக்கட்டும்னுதான்..."

"உன்னக் கேக்கல மாப்ள."

நான் சொன்னேன். எழுதி வைத்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. "தாமரைங்கறது பொய்ங்க. நான் கட்டுனது. அது ஈரம்மா மடுதான். எங்கூருல விட்டுவந்தான்னு சொல்றாங்களே, அதும் பொய்தான். எங்கப்பன் விட்டுட்டு வரல. என்னத் தூக்கிட்டு வந்தாரு."

யாருக்கும் உடனே புரியவில்லை. அன்றைக்கு என்னை ஏற்றிப்போன பரிசல்காரன்தான் முதலில் எழுந்து நின்றான். "பரிசல்ல நீ இருந்தியா? கூலிப் பரிசல்லயா?"

"இருந்தேன். நானும் பரிசல்ல வரேன்னு அழுதேன். ஏத்திக்கிட்டாரு."

கரையேறியதும் அப்பா என் கன்னத்தில் ஓங்கி அடித்தார். 'நீ கரையில ஆடு மேச்சுக்கிட்டிருந்த. புரியுதா?' என்றார். முறை தப்பினது தெரிந்தால் துடுப்பு போகும், எனக்கும் கிடைக்காது. கோழை என்றால் பெயர் மட்டும்தான் போகும். அவர் பெயரைக் கொடுத்துத் துடுப்பை வைத்துக்கொண்டார். அந்தத் துடுப்பைத்தான் நான் ஐம்பது வருடம் பிடித்தேன். இதை அங்கே சொன்னேனா, இப்போதுதான் சொல்கிறேனா தெரியவில்லை. ரத்தினா, சொல்லிட்டீங்க மாமா என்கிறாள்.

மாதேஷ் எழுந்து போய்விட்டான். போகும்போது, "கோழையோட பேரனா இருந்தேன். இப்ப முறை தப்புனவன் பேரன். சந்தோசமா?" என்றான். அவன் பின்னால் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் போனார்கள். நாளைக்குப் பரிசல் சங்கத்தில் மாதேஷின் துடுப்பைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

புட்டசாமி மட்டும் அசையவில்லை.

"தண்ணியில எங்கம்மா உங்கிட்டதான் இருந்தாளா?"

"என் காலப் புடிச்சிருந்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இல்ல. நான் ஒதறுனனா, அவங்க வுட்டாங்களா, அது மட்டும் எனக்குத் தெரியல. எல்லாம் ஞாபகம் இருக்குது, அது இல்ல. எத்தினியோ தடவ தேடிப் பாத்துட்டேன்."

அவர் மணலை அள்ளினார், விட்டார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. எழுபது வயதுக்காரர் குரலாக இல்லை.

"பரிசல்ல வரும்போது எதாச்சும் பேசினாளா? என்னப் பத்தி எதாச்சும் சொன்னாளா? புள்ள அழுவான், சீக்கிரம் திரும்பணும்னு... அந்த மாதிரி?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆமாம், புட்டு அழுவான் என்று சொன்னாள் என்றால் அந்த மனிதர் சாகும்வரை அதை வைத்துக்கொண்டிருப்பார். யாருக்கும் நட்டமில்லை. பொய் என்று சொல்ல உயிரோடு யாரும் இல்லை. ரத்தினா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அதையே வேண்டிக்கொண்டிருந்தாளோ என்னவோ. தாமரை மடு என்று பொய் சொன்னபோதும் வாய் இப்படித்தான் இனித்தது.

"இல்லைங்க" என்றேன். "உங்களப் பத்திப் பேசல. பரிசல் அடியில தண்ணி ஊறுச்சு. 'எப்பா, புளி நனையுது, பாத்து ஓட்டு'ன்னாங்க. என்னப் பாத்து, 'கால மடக்குடா, மூட்டைமேல வெக்காத'ன்னாங்க. அவ்வளவுதான் பேசினது."

"புளி நனையுதுன்னாளா?"

"ஆமாங்க."

"திட்டிக்கிட்டா சொன்னா?"

"திட்டிக்கிட்டுதான்."

அவர் வாய் கோணியது. அழுகிறார் என்று நினைத்தேன். பாதி அதுதான். மீதி சிரிப்பு. தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீங்களாடா? புளி நனையுதுன்னாளாம்" என்றார். மறுபடியும் என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவையும் கேட்டார். அதே வார்த்தையாகத்தான் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை.

தமயந்தி அம்மா தாமரையை அடித்துவிட்டு ஈரம்மா மடு என்று எழுதினார். விட்டுவந்தான் என்ற பெயரையும் எங்காவது குறிக்கலாமா என்று என்னைக் கேட்டார். ஊர் தன் இஷ்டப்படி சொல்லிக்கொள்ளும் என்றேன்.

புட்டசாமி பரிசலில் ஏறி உட்கார்ந்தார். நான் தண்ணீர் விளிம்புவரை போனேன். ரத்தினா தகப்பனிடம், "மாமா ஒரு நாளு நம்ம வூட்டுக்கு வரட்டுமாப்பா?" என்று கேட்டாள். நான் கேட்கச் சொல்லவில்லை.

அவர் என்னைப் பார்த்தார்.

"வான்னு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல" என்றார். "வாய் வந்தா, சொல்லி அனுப்பறேன்."

பரிசல் போய்விட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன். மருமகள் என் தோளிலிருந்து நழுவிய துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, "வாங்க மாமா, சர்க்கரை மாத்திரை போடணும்" என்றாள்.